சரியான பிளக்

ஜனவரி 11

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு நானும் என் மனைவியும் உங்கள் மாப்பிள்ளையும் நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். தொடங்கிவிட்டேன். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? மருமகளை நாங்கள் இருவரும் மிகவும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஒரு சந்தேகம் கேட்கத்தான் எழுதுகிறேன். கல்யாணத்தின்போது உங்கள் மோட்டார் சைக்கிளை என் பையனுக்குக் கொடுத்தீர்கள். கொடுக்கும்போதே அது கிழட்டு வண்டி என்றும், மகள் பிறப்பதற்கு முன்பே வாங்கியதால் அதுதான் உங்கள் மூத்த பிள்ளை என்றும் சொல்லிச் சிரித்தீர்கள். அந்த மூத்த பிள்ளை நவம்பரிலிருந்து மூச்சு விடவில்லை.

பையன் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவான். சட்டையைக்கூட மாற்றாமல் பின்பக்கக் கொட்டகையில் வண்டி முன்னால் உட்கார்ந்துவிடுவான். எல்லாவற்றையும் பிரித்தான், துடைத்தான், மறுபடி பூட்டினான். ஸ்டார்ட் ஆகவில்லை. ஸ்பார்க் பிளக் மட்டும் மூன்று வாங்கிவிட்டான். உதிரி பாகக் கடைக்காரர் இப்போது இவனைக் கண்டால் எழுந்து நிற்கிறாராம். மாமாவிடம் ஒரு வார்த்தை கேளேன் என்றேன். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அதனால் அவனுக்குத் தெரியாமல் நானே கேட்கிறேன். அந்த வண்டிக்கு எந்தப் பிளக் போடுவீர்கள்?

மருமகள் பத்து நாள் உங்களோடு இருந்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனாள். அவசரம் ஒன்றுமில்லை. நடந்ததைப் பற்றிக் கடிதத்தில் எழுதக் கூடாது என்பது என் மனைவியின் உத்தரவு. எழுதவில்லை.

இப்படிக்கு,
பையனைப் பெற்றவன்

ஜனவரி 20

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மகள் நலம்.

பிளக் வாங்கும்போது முதலில் மரையின் நீளத்தைப் பாருங்கள். உங்கள் கட்டைவிரல் நகத்தின் நீளம் போதும், அதாவது அரை அங்குலம். அதைவிட நீளமானது உள்ளே போய் பிஸ்டனில் இடிக்கும். கடையில் நீளமானதுதான் அதிகம் இருக்கும், தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

அடுத்தது சூடு. சூட்டுப் பிளக், குளிர்ப் பிளக் என்று இரண்டு வகை. குளிர்ப் பிளக் தன் சூட்டைச் சீக்கிரம் இறக்கிவிடும். நெடுஞ்சாலையில் விரட்டுகிறவர்களுக்கு அது சரி. நம் வண்டி பக்கத்துத் தெருவுக்கும் கடைக்கும் மெதுவாகப் போகிற வண்டி. அதில் குளிர்ப் பிளக் போட்டால் தன் கரியை எரிக்கத் தெம்பில்லாமல் அடைத்துக்கொள்ளும். நான் எப்போதும் சூட்டுப் பிளக்தான் போட்டேன். தண்ணீர் நிலையத்தில் பம்ப் பார்த்த காலம் முழுவதும் அது என்னை ஒருநாளும் நடக்க விட்டதில்லை.

இப்போது வண்டியில் இருக்கும் பிளக்கின் நுனி என்ன நிறம், அதன்மேல் என்ன எழுத்து, என்ன எண் என்று பார்த்து எழுதுங்கள். இன்ஜின் ஆறிய பிறகு கழற்றவும்.

பெண்ணைப் பெற்றவன்

பிப்ரவரி 2

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல் என்பது இந்தத் தடவை சம்பிரதாயம் இல்லை. காரணம் கீழே.

பையன் அலுவலகம் போன பிறகு நானே கொட்டகைக்குள் போனேன். பிளக் கழற்றும் ஸ்பேனர் எது என்று கண்டுபிடிக்கவே ஒரு காலைப்பொழுது போய்விட்டது. நுனி, அடுப்புக்கரி போல மொத்தமும் கறுப்பு. தொட்டால் விரலில் ஒட்டுகிறது, ஈரமில்லை. அச்சகத்தில் பிழை திருத்தப் பயன்படுத்திய லென்ஸை வைத்து எண்ணைப் படித்தேன். நீங்கள் போட்டு வைத்திருந்த பழைய பிளக்கும் ஒரு டப்பாவில் கிடந்தது. இரண்டிலும் அதே எண். கம்பெனி மட்டும் வேறு. எழுத்துகளைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மரையின் நீளம் என் நகத்தோடு சரியாக இருக்கிறது.

இன்னொரு விஷயம். உங்கள் கடிதத்தில் பிளக்கைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. மருமகளைப் பற்றி இரண்டு சொல். ஆயுள் முழுக்கப் பிழை பார்த்தவன் நான். அச்சில் இருப்பதைவிட விட்டுப்போனதுதான் முதலில் என் கண்ணில் படும். அவள் எழுந்து நடமாடுகிறாளா? யாரோடாவது பேசுகிறாளா? எப்போது வருவாள் என்று என் மனைவி தினமும் என்னைக் கேட்கிறாள். எனக்கு மட்டும் தெரியும் என்று அவளுக்கு எண்ணம்.

பையனைப் பெற்றவன்

பிப்ரவரி 12

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

காரணம் தெரிந்துவிட்டது. எண் ஒன்றுதான், ஆனால் ஒரு கம்பெனிக்கு எண் கூடக்கூடச் சூடு. இன்னொரு கம்பெனிக்கு எண் கூடக்கூடக் குளிர்ச்சி. மாப்பிள்ளை பழைய பிளக்கைக் காட்டி அதே எண்ணைக் கேட்டு வாங்கியிருக்கிறார். நல்ல மெக்கானிக்குகளே சறுக்குகிற இடம் இது. வாங்கினது நல்ல குளிர்ப் பிளக். நாலு தடவை கடைக்குப் போய் வந்தாலே கரி அடைத்திருக்கும். மற்ற இரண்டும் அதே எண்ணாகத்தான் இருக்கும், பாருங்கள்.

என்னிடம் பிரிக்காத பிளக் ஒன்று இருந்தது. அனுப்புகிறேன். அதன் நுனியில் உள்ள இடைவெளி இரண்டு தபால் அட்டைகளைச் சேர்த்துப் பிடித்த கனம் இருக்க வேண்டும். அதிகம் இருந்தால் மெல்லத் தட்டினால் போதும். முதல் சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். ஸ்பேனர் கடைசியில்தான். செம்பு வாஷரை மறக்க வேண்டாம்.

மகள் எழுந்து நடமாடுகிறாள். வீட்டு வேலை எல்லாம் செய்கிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். பார்சலில் முகவரி எழுதியது அவள்தான்.

பெண்ணைப் பெற்றவன்

பிப்ரவரி 27

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

பார்சல் வந்தது. வண்டி இரண்டாவது உதையில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. இதை எழுதும்போது நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தையும் பிளக்கையும் பையனிடம் கொடுத்தேன். பார்சல் உறையில் இருந்த கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். எண் விஷயத்தைப் படித்தான். தபால் அட்டை கேட்டான், கொடுத்தேன். பூட்டினான், உதைத்தான். தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம். என் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். அவன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான், பிறகு அணைத்தான். என்னைப் பார்த்து, "அன்னிக்கு இந்தப் பிளக் இருந்திருந்தா ஸ்டார்ட் ஆகியிருக்கும். இல்லப்பா?" என்றான்.

அவன் மாடிக்குப் போய்ப் படுத்தவன்தான். அதற்குப் பிறகு அலுவலகம் போகவில்லை.

மனைவியின் உத்தரவை மீறி எழுதுகிறேன். நவம்பரில் மருமகளுக்கு வலி எடுத்தபோது வாடகைக் கார் கூட்டிவர இந்த வண்டியைத்தான் எடுத்தான். உதைத்துக்கொண்டே இருந்தான். கடைசியில் வண்டியை அப்படியே சாய்த்துவிட்டு ஓடினான். விடுமுறை நாள், நிறுத்தத்தில் கார் இல்லை. எங்கெங்கோ அலைந்து ஒன்றைக் கொண்டுவந்தான், அதில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அதற்கு முந்தின வாரம்தான் அவன் அந்தக் குளிர்ப் பிளக்கை வாங்கிப் போட்டான். பிரசவ நேரத்தில் வண்டி காலை வாரிவிடக் கூடாது என்று, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குப் புதுப் பிளக் போட்டான்.

மூன்று மாதமாக அவன் வண்டியைப் பழுது பார்க்கிறான் என்று நினைத்தேன். அவன் பார்த்தது வேறு என்று இப்போது புரிகிறது.

உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். சரியான பிளக் இருந்திருந்தாலும் அன்று வண்டி எடுத்திருக்காது என்று அவனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மேக்னட்டோ, கார்புரேட்டர் எதன்மேலாவது பழியைப் போடுங்கள். வண்டி விஷயத்தில் நீங்கள் சொன்னால் நம்புவான்.

பையனைப் பெற்றவன்

மார்ச் 6

சம்பந்தி அவர்களுக்கு,

எனக்குப் பொய் எழுத வராது. எழுதினாலும் மாப்பிள்ளை கண்டுபிடித்துவிடுவார், எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தவர் அவர். அந்தப் பிளக்கோடு வண்டி எடுத்திருக்காது. நான் அனுப்பியதோடு எடுத்திருக்கும்.

வேறு எழுத இப்போது முடியவில்லை. மன்னிக்கவும்.

பெண்ணைப் பெற்றவன்

ஏப்ரல் 18

சம்பந்தி அவர்களுக்கு,

சம்பந்தி என்று எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மார்ச்சில் நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் உங்களிடமிருந்து பதில் இல்லை. பொய் சொல்லச் சொன்னது தப்புதான். அந்த நேரத்தில் வேறு வழி தெரியவில்லை.

அவன் சம்பளமில்லாத விடுப்பில் இருக்கிறான். வண்டியின் மேல் பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டான். அழுதால்கூட ஏதாவது சொல்லித் தேற்றலாம். கூப்பிட்டால் வருகிறான், உட்காரச் சொன்னால் உட்காருகிறான். பக்கத்து வீட்டுக்காரர் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டதற்கு, நல்லாப் போகுது என்றான்.

"பொண்ணைத் திருப்பி அனுப்புற எண்ணம் அவங்களுக்கு இல்ல, நீங்கதான் பேப்பரும் பேனாவும் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க" என்கிறாள் என் மனைவி. அப்படியானால் அதையாவது எழுதிவிடுங்கள். ஒரு வரி போதும்.

பையனைப் பெற்றவன்

மே 3

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

பிப்ரவரியில் நீங்கள் பொய் எழுதச் சொன்ன கடிதத்தை மகளிடம் கொடுத்தேன். குழாயடியில் நின்று படித்தாள். குடம் நிரம்பி வழிந்தது, அவள் பார்க்கவில்லை. நான்தான் குழாயை மூடினேன். பிளக் விஷயம் அவளுக்கு அதுவரை தெரியாது. மாப்பிள்ளை தன்னோடு பேசாதது தன்மேல் உள்ள வெறுப்பு என்றே நினைத்திருக்கிறாள். ஏன் வெறுக்க வேண்டும் என்று கேட்டேன்.

"முந்தின நாளே அசைவு நின்னுடுச்சுப்பா. டாக்டர் என்கிட்ட மட்டும் சொன்னாங்க. தொப்புள்கொடியில முடிச்சு விழுந்து, வலி வர்றதுக்கு முன்னாடியே போயிடுச்சாம். வண்டி கிடைச்சிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. முந்தின நாளே எனக்குத் தெரிஞ்சுது. நான் யார்கிட்டயும் சொல்லல" என்றாள்.

டாக்டர் இதைச் சொன்னபோது நீங்களும் மாப்பிள்ளையும் குழந்தையை எடுத்துக்கொண்டு போயிருந்தீர்களாம். மாப்பிள்ளை திரும்பி வந்ததும் சொல்ல நினைத்தாளாம். எப்போது தெரிந்தது என்று கேட்பாரே என்று வாயை மூடிக்கொண்டாளாம். பிறகு சொல்வதற்கான நாள் தாண்டிவிட்டது.

முந்தின நாள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருக்குமா என்று டாக்டரைக் கேட்டாளா என்றேன். சொல்ல முடியாது, பெரும்பாலும் இல்லை என்றார்களாம். அந்தப் ‘பெரும்பாலும்’ என்பதை வைத்துக்கொண்டு ஆறு மாதம் உட்கார்ந்திருக்கிறாள்.

எழுத வேண்டாம் என்று என் கையைப் பிடித்தாள். நானும் பயந்தேன். உங்கள் வீட்டில் இவளுக்கு என்ன பெயர் வரும் என்ற பயம். தாய் இல்லாத பெண். உங்கள் மகன் படுத்துக் கிடப்பது தெரிந்தும் என் மகளைக் காப்பாற்றிக்கொண்டு இருந்துவிட்டேன். உங்கள் ஏப்ரல் கடிதத்தைப் படித்துவிட்டு அவளே, "எழுதுங்கப்பா" என்றாள்.

எழுதிவிட்டேன். இதை யாரிடம் காட்டுவது, காட்டாமல் இருப்பது எல்லாம் உங்கள் கையில்.

பெண்ணைப் பெற்றவன்

மே 14

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

இந்தக் கடிதம் வருவதற்குள் பையன் அங்கு வந்திருப்பான்.

முதலில் என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். மருமகளுக்கு என்ன பெயர் வருமோ என்று நீங்கள் பயந்தது எனக்கும் இருந்தது. படித்து முடித்ததும் அவள் சமையலறைக்குப் போனாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அவ சொன்னா. யார்கிட்டயும் சொல்லலேன்னு உங்க சம்பந்தி எழுதியிருக்காரு பாருங்க, அது பொய். என்கிட்ட சொன்னா. அசைவு கம்மியா இருக்கு அத்தைன்னா. நாள் நெருங்கிட்டா அப்படித்தான் இருக்கும், போய்ப் படுன்னு நான்தான் சொன்னேன்."

உங்களுக்குப் பொய் எழுத வராது என்றீர்கள். உங்கள் மகளுக்கு ஒன்று சொல்ல வந்திருக்கிறது, இவளுக்காக. என் மனைவி இத்தனை நாளும் மருமகள் எப்போது வருவாள் என்று கேட்டதெல்லாம் எதற்கு என்று இப்போது தெரிகிறது.

பிறகு இருவருமாக மாடிக்குப் போனோம். கடிதத்தை அவன் கையில் கொடுத்தேன். தன் பங்கை என் மனைவியே சொன்னாள். அவன் அம்மாவைக் கோபித்துக்கொள்ளவில்லை. கடிதத்தை மறுபடி படித்தான். டாக்டர் சொன்ன இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டான்:

"இதை அவ தனியாவா வெச்சிருந்தா?"

மறுநாள் முகம் மழித்துக்கொண்டு கீழே வந்தான். வண்டிதான் ஓடுகிறதே, அதிலேயே போயேன் என்றேன். வேண்டாம் என்று பஸ்ஸில் கிளம்பினான். என் மனைவி மருமகளுக்கு ஏதோ சொல்லி அனுப்ப வாசல்வரை போனாள். அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

பையனைப் பெற்றவன்

மே 22

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

மாப்பிள்ளை நல்லபடியாக வந்து சேர்ந்தார். மெலிந்திருக்கிறார். சம்பந்தியம்மாவிடம் மகள் சொல்லச் சொன்னது இது: அத்தைமேல் தனக்கு ஒன்றுமில்லை, அன்று தானும் அதைத்தான் நம்ப விரும்பினாளாம்.

நீங்கள் எதிர்பார்க்கிறபடி ஒன்றும் நடக்கவில்லை. ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை. முதல் நாள் பஸ் கூட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாம் நாள் இவர் கூடத்தில், அவள் அறையில். எனக்கே எங்கே நிற்பது என்று தெரியவில்லை. வேண்டாத சாமான் வாங்கக் கடைக்குப் போய் வந்தேன்.

மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க வெச்சீங்க?"

எனக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. நகராட்சி இடுகாட்டில், குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய பின்பக்க ஓரத்தில் என்றார். எந்தப் பக்கம் என்று கேட்டாள். சுவர்ப் பக்கம் என்றார். மரம் இருக்கிறதா என்றாள். ஞாபகம் இல்லை என்றார். இவ்வளவு நாளும் அவள் இதைக் கேட்டதில்லை, நாம் யாரும் சொன்னதும் இல்லை. ஆஸ்பத்திரியில் அவள் மயக்கம் தெளிவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று நான்தான் உங்களை அவசரப்படுத்தினேன். நல்லதென்று நினைத்தேன்.

"எனக்கு அந்த இடத்தைக் காட்டுங்க" என்றாள்.

நாளைக் காலை பஸ்ஸில் கிளம்புகிறார்கள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

பெண்ணைப் பெற்றவன்

ஜூன் 2

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். என் மனைவி மருமகளின் பையை வாங்கி உள்ளே வைத்தாள். இரண்டு பேரும் சமையலறையில் வெகுநேரம் இருந்தார்கள். பேசினார்களா என்று தெரியாது, பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலையில் பையனும் மருமகளும் இடுகாட்டுக்குப் போனார்கள். நடந்தே போனார்கள். என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பகல் சாய்ந்துதான் திரும்பினார்கள். அவ்வளவு நேரம் ஆகிற தூரம் இல்லை. செருப்பெல்லாம் மண். பையன் நேராகக் குளிக்கப் போனான். கதவுக்குப் பின்னால் தண்ணீர் விழுகிற சத்தத்தோடு அவன் அழுகிற சத்தமும் கேட்டது. நவம்பருக்குப் பிறகு இப்போதுதான் கேட்கிறேன். யாரும் போய்க் கதவைத் தட்டவில்லை.

மருமகள் என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தாள். இடம் கிடைத்ததா என்று கேட்டேன்.

மழைக்குப் புல் மண்டியிருந்ததாம். நாங்கள் அன்று அடையாளம் ஒன்றும் வைக்கவில்லை. அவன் சுவரோரமாக நடந்து நடந்து பார்த்திருக்கிறான், தெரியவில்லை. அங்கே பராமரிப்பு பார்க்கிற ஆளைக் கூட்டிவந்து கேட்டார்களாம். அவர் ஒரு வரிசையைக் காட்டி, இதில் ஒன்றுதான், எது என்று தனக்கும் சொல்லத் தெரியாது என்றாராம்.

"எதுன்னு தெரியல மாமா. அதனால ஒவ்வொண்ணு முன்னாடியும் கொஞ்ச நேரம் நின்னோம்" என்றாள்.

பையனைப் பெற்றவன்